மிதிவண்டியிலிருந்து விழுந்தபின் வீங்கும் முழங்கால்: எப்போது வீங்கியது என்பதே முதல் கேள்வி

மிதிவண்டியிலிருந்து விழுந்து, முழங்கால் வீங்கிய நிலையில் எங்கள் எலும்பு மூட்டு சிகிச்சைப் பிரிவுக்கு வருவோர் பலதரப்பட்டவர்கள். அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டியில் பள்ளிக்குச் செல்லும் பதினோராம் வகுப்பு மாணவி, விடியற்காலையில் வீடுவீடாகச் செய்தித்தாள் போடும் இளைஞர், சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதற்காகப் பல ஆண்டுகளுக்குப் பிறகு மிதிவண்டியை எடுத்த அறுபது வயதுப் பெரியவர் என அவர்கள் எல்லா வயதிலும் இருக்கிறார்கள். உடன் வரும் குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எலும்பு முறிந்திருக்கிறதா, டாக்டர்?" நாங்கள் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி வேறு: "விழுந்து எவ்வளவு நேரத்தில் வீங்கியது?"

இக்கேள்விக்கு விடை சொல்லக்கூடியவர்கள் நோயாளியும் அவருடன் இருந்தவர்களும் மட்டுமே. எந்த எக்ஸ்-ரேயும் அதைச் சொல்லாது. ஆனால் முழங்காலுக்குள் என்ன நேர்ந்திருக்கும் என்பதை ஊகிக்க அந்த விடை எங்களுக்குப் பெரிதும் துணைபுரிகிறது. வீக்கத்தை எவ்வாறு புரிந்துகொள்வது, எப்போது உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும், வீட்டில் முதல் மூன்று நாள்களில் எதைச் செய்வது, எதைத் தவிர்ப்பது, மீண்டும் எப்போது மிதிவண்டியில் ஏறலாம் என்பவற்றை இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

முழங்காலுக்கு முன்பு பார்க்க வேண்டியவை

வலி முழங்காலில் இருப்பதால் எல்லாருடைய கவனமும் அங்கேயே செல்லும். அதற்கு முன் இரண்டு செய்திகளை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

முதலாவது, தலையில் அடிபட்டதா என்பது. விழுந்தவர் சிறிது நேரமாவது நினைவிழந்திருந்தாலும், வாந்தி எடுத்தாலும், பேச்சு குழறினாலும், தூக்கக் கலக்கமாக இருந்தாலும் முழங்காலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 108 அவசர ஊர்தியை அழைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டாவது, வயிறு. குழந்தைகள் விழும்போது கைப்பிடியின் முனை வயிற்றில் குத்துவதுண்டு. வெளியே சிறு கன்றிய தழும்பு மட்டும் தெரியும். உள்ளே கல்லீரலோ மண்ணீரலோ கணையமோ குடலோ காயப்பட்டிருக்கலாம். வயிற்று வலி, வாந்தி, முகம் வெளிறுதல் ஆகியவை இருந்தால் காத்திருக்கக் கூடாது.

முழங்கால் ஏன் வீங்குகிறது?

தொடை எலும்பின் கீழ்முனையும் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையும் சந்திக்கும் இடமே முழங்கால் மூட்டு. அதன் முன்னே காப்பாக அமைந்திருப்பது முழங்கால் சில்லு. இரண்டு எலும்புகளையும் பிணைத்து நிறுத்துபவை தசைநார்கள். மூட்டின் நடுவில் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் செல்லும் இரண்டும், உட்பக்கமும் வெளிப்பக்கமும் ஒவ்வொன்றுமாக முக்கியமான நான்கு உள்ளன. எலும்புகளுக்கிடையே அதிர்வைத் தாங்கும் மெத்தைபோல் பிறை வடிவக் குருத்தெலும்புகள் இரண்டு இருக்கின்றன. பேச்சு வழக்கில் "ஜவ்வு கிழிந்துவிட்டது" என்று சொல்லப்படுவது தசைநாராகவும் இருக்கலாம், இந்தக் குருத்தெலும்பாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை வேறு. ஆகவே எந்த ஜவ்வு என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இவை அனைத்தையும் ஒரு பைபோலச் சூழ்ந்திருக்கும் உறையின் உட்புறச் சவ்வு, மூட்டு உராயாமலிருக்க ஒரு வழவழப்பான திரவத்தைச் சுரக்கிறது. நலமான முழங்காலில் இத்திரவம் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகவே இருக்கும். அடிபட்டபின் அந்தப் பையில் ரத்தம் சேர்ந்தாலோ, எரிச்சலுற்ற சவ்வு கூடுதலாகத் திரவத்தைச் சுரந்தாலோ மூட்டு வீங்குகிறது. வெளியே இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். அவற்றைப் பிரித்துக் காட்டுவது நேரம்.

நேரம் சொல்லும் செய்தி

விழுந்து இரண்டு மணி நேரத்துக்குள், அதிகம் போனால் அன்று மாலைக்குள், முழங்கால் பந்துபோல் புடைத்துவிட்டால் மூட்டுக்குள் ரத்தம் கசிந்திருக்க வாய்ப்பு மிகுதி. ரத்தக் குழாய்கள் உள்ள ஏதோ ஒன்று கிழிந்தாலோ உடைந்தாலோதான் இவ்வளவு விரைவாக வீங்கும். பெரும்பாலும் அது முன் குறுக்குத் தசைநார்க் கிழிவாகவோ, மூட்டுக்குள் நேர்ந்த எலும்பு முறிவாகவோ, சில்லு இடம்பெயர்ந்து திரும்பியதாகவோ இருக்கும். இவ்வகை வீக்கத்தை வலி குறைவாக இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மறுநாள் காலையில் எழும்போது வீக்கம் தெரிந்தால், அதாவது 12 முதல் 24 மணி நேரத்தில் மெல்ல மெல்ல வந்திருந்தால், அது பெரும்பாலும் சவ்வு சுரந்த திரவமாக இருக்கும். பிறைக் குருத்தெலும்பில் காயம், தசைநார் பிசகு, மூட்டில் நேர்ந்த அதிர்ச்சி ஆகியவை இதற்குக் காரணமாகலாம். வேறு அபாய அறிகுறிகள் இல்லையெனில் ஓரிரு நாள் வீட்டுப் பராமரிப்புக்குப் பின் மருத்துவரைப் பார்க்கலாம்.

மூன்று நான்கு நாள்கள் கழித்து, குறைந்துவந்த வீக்கம் மீண்டும் கூடினால், முழங்கால் சூடாகிச் சிவந்தால், காய்ச்சல் வந்தால், கிருமித் தொற்றை நினைக்க வேண்டும். சாலையில் சிராய்த்த காயத்தின் வழியாகக் கிருமிகள் நுழைவது அரிதன்று. மூட்டுக்குள் சீழ் பிடித்தால் சில நாள்களிலேயே குருத்தெலும்பு நிரந்தரமாக அழிந்துவிடக்கூடும். ஆகவே இது அவசர நிலை; மறுநாள் புறநோயாளிப் பிரிவு திறக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

வீக்கம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். சில்லுக்கு முன்னே, தோலுக்கு அடியில் முட்டைபோல் தனியாக எழும்பி, மூட்டை ஓரளவு மடக்கி நீட்ட முடிந்தால், அது மூட்டுக்கு வெளியே உள்ள சிறு திரவப் பையின் வீக்கமாக இருக்கலாம். சில்லின் இருபுறக் குழிகளும் மேற்புறமும் நிரம்பி, முழங்காலின் வடிவமே மறைந்துவிட்டால் வீக்கம் மூட்டுக்குள் இருக்கிறது.

ஒன்றை மறக்கக் கூடாது. வீக்கம் சிறியது என்பதாலேயே காயமும் சிறியது என்று பொருளாகாது. மூட்டின் உறையே கிழிந்துவிட்டால் ரத்தம் உள்ளே தேங்காமல் கீழ்க்காலை நோக்கி வழிந்துவிடும். அப்போது முழங்கால் அதிகம் புடைக்காது. இரண்டு நாள் கழித்துக் கெண்டைக்காலில் நீலம் பரவும். எனவே வீக்கத்தோடு சேர்த்து, கால் என்ன செய்ய மறுக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டிய அறிகுறிகள்

1. இரண்டு மணி நேரத்துக்குள் பெரிதாக வீங்குதல்.
2. கால் ஊன்றி நான்கு அடிகூட எடுத்துவைக்க இயலாமை.
3. படுத்த நிலையில், முழங்காலை நீட்டியபடி காலைப் படுக்கையிலிருந்து மேலே தூக்க இயலாமை. சில்லு உடைந்திருந்தாலும், தொடைத் தசையைச் சில்லுடனும் கீழ்க்காலுடனும் இணைக்கும் தசைநாண் அறுந்திருந்தாலும் இது நேரும்; தாமதமின்றிச் சரிசெய்ய வேண்டியது.
4. முழங்கால் பாதி மடங்கிய நிலையில் பூட்டிக்கொண்டு நீட்ட வராமை.
5. முழங்கால் கோணலாகத் தோன்றுதல். விழுந்தபோது மூட்டு விலகித் தானே திரும்பியதாக நோயாளி கூறுதல்.
6. பாதம் குளிர்தல், வெளிறுதல், மரத்துப்போதல். கால் விரல்களை அசைக்க இயலாமை.
7. கெண்டைக்கால் கல்போல் இறுகி, மருந்துக்கும் அடங்காத வலி.
8. மூட்டுக்கு அருகே ஆழமான வெட்டுக்காயம். காய்ச்சலுடன் சிவந்த, சூடான முழங்கால்.

இவற்றுள் 5, 6, 7 ஆகியவற்றில் ரத்த ஓட்டம் தடைப்பட்டிருக்கக்கூடும். அங்கே கணக்கு மணிகளில்தான், நாள்களில் அன்று.

வயதுக்கேற்ற எச்சரிக்கைகள்

எட்டு முதல் பதினான்கு வயது வரையிலான சிறார்களிடம் தசைநாரைவிட அது பற்றியிருக்கும் எலும்பே மென்மையானது. பெரியவருக்குத் தசைநார் கிழியும் அதே விழுகையில், சிறுவருக்குக் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்துவிடும். மிதிவண்டியிலிருந்து விழும் சிறார்களிடம் காணப்படும் முறிவுகளுள் இது எலும்பு மருத்துவர்கள் நன்கறிந்த ஒன்று. பெயர்ந்த துண்டு விலகாதிருந்தால் கட்டுப் போட்டே குணப்படுத்தலாம். விலகியிருந்தால் அதை இடத்தில் பொருத்த வேண்டும். கவனிக்காமல் விட்டால் முழங்கால் முழுமையாக நீளாமலோ உறுதியின்றியோ போகக்கூடும். வளரும் பிள்ளையின் முழங்கால் விரைவாக வீங்கினால் "விளையாட்டில் பட்ட அடி, தானே சரியாகும்" என்று விட்டுவிட வேண்டாம். மேலும், இடுப்பு மூட்டில் உள்ள கோளாற்றைச் சிறார்கள் முழங்கால் வலியாகச் சொல்வதுண்டு. அதனால்தான் முழங்காலுக்கு வந்த பிள்ளையின் இடுப்பையும் நாங்கள் அசைத்துப் பார்க்கிறோம்.

சிறிய அடிக்கே முழங்கால் பெரிதாக வீங்கும் ஆண் குழந்தைக்கு, பல் விழுந்தபோதோ ஊசி போட்ட இடத்திலோ ரத்தம் நெடுநேரம் நிற்காமலிருந்த அனுபவம் உண்டா என்று நினைவுகூர்ந்து சொல்லுங்கள். ரத்தம் உறைவதில் குறைபாடு உள்ள ஹீமோபிலியா நோய் சில குழந்தைகளிடம் இப்படித்தான் முதன்முதலில் வெளிப்படுகிறது. அவர்களுக்கு ரத்தம் உறைய உதவும் காரணியைச் செலுத்துவதே முதல் சிகிச்சை.

55 வயதைக் கடந்தோருக்கு, குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, எலும்பு தேய்ந்து வலுவிழந்திருக்கலாம். மெதுவாகச் சாய்ந்து விழுந்தாலும் கீழ்க்கால் எலும்பின் மேற்பரப்பு அமுங்கி முறியக்கூடும். இவர்களுக்கு எக்ஸ்-ரே எடுத்துவிடுவதே பாதுகாப்பு.

இதயநோய், பக்கவாதம் முதலியவற்றுக்காக வார்ஃபரின், குளோபிடோகிரெல், ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளை உட்கொள்வோர் மூட்டு வீங்கினால் அன்றே வர வேண்டும். அம்மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது. முழங்காலைக் காப்பாற்றப்போய் இதயத்தைப் பணயம் வைப்பதாக முடியும். மருந்துச் சீட்டைக் கையோடு கொண்டுவந்தால் போதும்; முடிவை நாங்கள் சேர்ந்து எடுப்போம்.

வீட்டில் முதல் மூன்று நாள்கள்

சிராய்ப்பு இருந்தால் முதலில் அதைக் குழாய் நீரில் சோப்பிட்டு, மண்ணும் கல்லும் போகும்வரை கழுவ வேண்டும். காப்பித் தூள், மஞ்சள், சுண்ணாம்பு, பற்பசை ஆகியவற்றை அப்ப வேண்டாம். அவை காயத்தை மூடி அழுக்கை உள்ளே நிறுத்திவிடும். சாலை மண் பட்ட காயத்துக்கு, கடைசியாக டி.டி. ஊசி போட்டு ஐந்தாண்டுகள் கடந்திருந்தால் மீண்டும் போட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்து ஓய்வு, குளிர் ஒத்தடம், மென்கட்டு, உயர்த்தி வைத்தல் ஆகிய நான்கு. இந்த நான்கையும் 1978-இல் ஒரு சூத்திரமாகத் தொகுத்தவர் அமெரிக்க விளையாட்டு மருத்துவர் கேப் மிர்க்கின். பிற்காலத்தில் அவரே, முழு ஓய்வும் நீண்டநேரப் பனிக்கட்டி ஒத்தடமும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். இன்று நாங்கள் சொல்லும் அறிவுரையும் அவ்வாறே அமைகிறது: ஓய்வு சில நாள்களுக்கு, ஒத்தடம் வலி தணிவதற்கு, அதன்பின் அளவான அசைவு.

*ஓய்வு.* வலி தரும் அளவுக்கு எடையை ஏற்ற வேண்டாம். ஒற்றை ஊன்றுகோல் பயன்படுத்துவோர் அதை அடிபட்ட காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பலர் அதே பக்கக் கையில் பிடித்துச் சிரமப்படுகிறார்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில்; இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். தரையில் சம்மணமிடுதல், குந்தி உட்காருதல் வேண்டாம். வீட்டில் இந்தியக் கழிப்பறை மட்டும் இருந்தால் கமோடு நாற்காலி ஒன்றைச் சில வாரங்களுக்கு ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

*குளிர் ஒத்தடம்.* பனிக்கட்டிகளை நொறுக்கிப் பையிலிட்டு, ஈரத் துண்டில் சுற்றி, ஒரு முறைக்கு 15 நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு முறை வைக்கலாம். பனிக்கட்டியை நேராகத் தோலில் வைத்தால் தோல் கருகிவிடும். நீண்டகாலச் சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் மருத்துவரைக் கேளாமல் ஒத்தடம் வைக்க வேண்டாம். குளிர் தோலைக் காயப்படுத்துவது அவர்களுக்குத் தெரியாது.

*மென்கட்டு.* கிரேப் பேண்டேஜைக் கெண்டைக்காலின் நடுவில் தொடங்கித் தொடையின் கீழ்ப்பகுதி வரை, ஒரு விரல் நுழையும் தளர்வுடன் சுற்ற வேண்டும். கால் விரல்கள் மரத்தாலோ நீலம் பாரித்தாலோ உடனே அவிழ்க்க வேண்டும். இரவில் கழற்றிவிடலாம்.

*உயர்த்தி வைத்தல்.* படுத்தநிலையில் கால் இதய மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். தலையணையைக் கெண்டைக்காலுக்கும் குதிகாலுக்கும் அடியில் வைக்க வேண்டும். முழங்காலுக்கு அடியில் மட்டும் வைத்தால் மூட்டு சற்றே மடங்கி, இதமாக இருக்கும். ஏனெனில் அந்த நிலையில் மூட்டுப் பைக்கு இடம் அதிகம். ஆனால் நாள்கணக்கில் அப்படியே வைத்திருந்தால் முழங்கால் முழுமையாக நீளும் திறனை இழக்கத் தொடங்கும். அந்த இழப்பை மீட்க மாதங்கள் பிடிக்கலாம்.

அன்பினால் செய்யப்படும் மூன்று தீங்குகள்

உறவினர்கள் அக்கறையோடு செய்யும் சில செயல்களே காயத்தைப் பெரிதாக்கிவிடுகின்றன. எவரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வீட்டில் ஒருவர் அறிந்திருந்தால் மற்றவர்களைத் தடுக்க இயலும் என்பதற்காகவே எழுதுகிறோம்.

எண்ணெய் தேய்த்து உருவுதல் முதலாவது. உள்ளே கசிந்து நின்ற ரத்தம் மீண்டும் கசியும். முறிந்த எலும்பு விலகும். முதல் சில நாள்களில் உருவுதலும் நீவுதலும் கூடவே கூடாது.

வெந்நீர் ஒத்தடமும் தவிட்டு ஒத்தடமும் இரண்டாவது. வெப்பம் ரத்தக் குழாய்களை விரித்து வீக்கத்தைக் கூட்டும். வீக்கமும் சூடும் அடங்கிய பிறகு, விறைப்பைத் தளர்த்துவதற்காக வெப்ப ஒத்தடம் பயன்படலாம்.

மூங்கில் பட்டை வைத்து இறுக்கிக் கட்டுதல் மூன்றாவது. அடிபட்ட கால் முதல் இரண்டு நாள்கள் மேலும் வீங்கும். ஆனால் கட்டு விரியாது. உள்ளே அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் தசைகள் இறக்கத் தொடங்கும். காலையே இழக்க நேரிடலாம். ஏற்கெனவே இறுக்கமான கட்டுப் போட்டிருந்து வலி ஏறிக்கொண்டே போனால், கட்டியவரைத் தேடிச் செல்லாமல் கட்டை அவிழ்த்துவிட்டு மருத்துவமனைக்கு வாருங்கள். எங்கே கட்டினீர்கள் என்று எவரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டார்கள்.

வலி மருந்து

பெரியவர்களுக்குப் பாரசிட்டமால் 500 அல்லது 650 மில்லிகிராம், தேவைப்பட்டால் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை போதுமானது. மருத்துவர் சொல்லாமல் ஒரு நாளில் 3 கிராமைத் தாண்ட வேண்டாம். கல்லீரல் நோய் உள்ளவர்களும் மதுப்பழக்கம் உள்ளவர்களும் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். குழந்தைகளுக்கு எடைக்கேற்பவே அளவு. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் பல வலி மாத்திரைகளில் வேறு மருந்துடன் பாரசிட்டமாலும் கலந்திருக்கும். இரண்டையும் சேர்த்து விழுங்கினால் அளவு மிகுந்து கல்லீரல் பாதிக்கப்படும். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவற்றைச் சிறுநீரக நோய், குடற்புண், இதயநோய், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களும் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோரும் மருத்துவர் எழுதித் தந்தாலன்றி எடுக்கக் கூடாது.

மருத்துவமனையில் நடப்பவை

முதலில் விழுந்த விதத்தைக் கேட்போம்: முழங்கால் நேராகத் தரையில் மோதியதா, பாதம் ஊன்றியிருக்கையில் உடல் திரும்பியதா, "டப்" என்று ஏதேனும் கேட்டதா? பிறகு இரு முழங்கால்களையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். சில்லை மெல்ல அழுத்தும்போது அது மிதப்பதுபோல் இறங்கி எலும்பில் தட்டினால் உள்ளே திரவம் இருக்கிறது.

எல்லாருக்கும் எக்ஸ்-ரே தேவையா என்பதற்கு, கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1990-களில் வகுத்த விதிகள் உலகெங்கும் பயன்படுகின்றன. வயது 55 அல்லது அதற்கு மேல், சில்லில் மட்டும் அழுத்தினால் வலி, முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புறத்தில் உள்ள எலும்பு முனையில் அழுத்தினால் வலி, 90 டிகிரி மடக்க இயலாமை, விழுந்த உடனேயும் மருத்துவமனையிலும் நான்கு அடி நடக்க இயலாமை ஆகிய ஐந்தில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்-ரே எடுப்போம். பெரியவர்களிடம் ஒன்றுமே இல்லையெனில் எலும்பு முறிந்திருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே எக்ஸ்-ரே எழுதாமல் அனுப்பினால் அது அலட்சியத்தால் அன்று.

மூட்டு மிக இறுகி வலி தாங்க இயலாதபோதும், சீழ் இருக்குமோ என்று ஐயம் எழும்போதும், கிருமியற்ற முறையில் ஊசி வைத்து நீரை எடுப்போம். "ஒருமுறை நீர் எடுத்தால் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும்" என்று பலர் அஞ்சுகிறார்கள். மீண்டும் நீர் சேர்வது உள்ளே உள்ள காயத்தால், ஊசியால் அன்று. எடுத்த நீரே ஒரு பரிசோதனையும் ஆகும். தெளிந்த மஞ்சள் நிறமெனில் சவ்வின் எரிச்சல். ரத்தமெனில் கிழிவோ முறிவோ. குழம்பின் மேல் எண்ணெய் மிதப்பதுபோல் ரத்தத்தின் மேல் கொழுப்புத் துளிகள் மிதந்தால், எக்ஸ்-ரேயில் தெரியாவிட்டாலும் எலும்பு முறிந்திருக்கிறது என்று கொள்வோம். அக்கொழுப்பு எலும்பு மஜ்ஜையிலிருந்து வந்தது. கலங்கிய நீர் சீழின் அறிகுறி.

எக்ஸ்-ரேயில் எலும்பு தெரியும். தசைநாரும் பிறைக் குருத்தெலும்பும் தெரியா. "எக்ஸ்-ரே நார்மல்" என்றால் முழங்கால் முற்றிலும் நலம் என்று பொருளில்லை. வீங்கி வலிக்கும் மூட்டை முதல் நாளில் முழுமையாகச் சோதிக்கவும் இயலாது. வலியால் தசைகள் இறுகிக் காயத்தை மறைத்துவிடும். அதனால்தான் ஒரு வாரம் அல்லது பத்து நாள் கழித்து மீண்டும் வரச் சொல்கிறோம். வலி குறைந்துவிட்டது என்று அந்த வருகையைத் தவிர்க்கும் பலர், மாதங்கள் கழித்துக் கால் நழுவுகிறது என்று வருகிறார்கள். அதற்குள் தளர்ந்த மூட்டு பிறைக் குருத்தெலும்பையும் தேய்த்திருக்கலாம். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தேவையா என்பதும் பெரும்பாலும் அந்த இரண்டாம் சோதனையில்தான் முடிவாகும்.

தசைநார் கிழிந்த எல்லாருக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை. உட்பக்கத் தசைநார்க் கிழிவுகள் பெரும்பாலும் உறை அணிந்து, பயிற்சி செய்தே ஆறுகின்றன. முன் குறுக்குத் தசைநார் கிழிந்தாலும், வயது, வேலை, மூட்டின் உறுதி ஆகியவற்றைப் பொறுத்தே முடிவெடுக்கிறோம். அறுவை சிகிச்சை தேவைப்பட்டாலும், வேறு காயம் இல்லையெனில், வீக்கம் வடிந்து மூட்டு நன்கு மடங்கி நீளும்வரை காத்திருப்பதே பொதுவான வழக்கம்.

உறங்கிவிடும் தொடைத் தசை

மூட்டில் நீர் சேர்ந்தவுடன் நரம்புகள் வழியாக ஒரு தடை பிறந்து, தொடையின் முன்தசை சுருங்க மறுக்கிறது. சில தேக்கரண்டி நீரே இதற்குப் போதும். இரண்டு வாரத்தில் தொடை மெலிந்திருப்பதைக் கண்ணாலேயே காணலாம். மாடிப்படியில் கால் சட்டென்று மடங்குவதற்குப் பல வேளைகளில் இத்தசையின் சோர்வே காரணம். அதை எழுப்பும் எளிய பயிற்சிகள் இவை. முறிவு இல்லை என்று மருத்துவர் உறுதி செய்தபின் தொடங்கலாம்.

1. கணுக்கால் அசைவு: பாதத்தை மேலும் கீழுமாக 20 முறை, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும். கெண்டைக்காலில் ரத்தம் உறைந்துபோவதைத் தடுக்க இது உதவும்.
2. தொடை இறுக்கம்: முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அழுத்துவதுபோல் தொடையை இறுக்கி ஐந்து நொடி நிறுத்தித் தளர்த்துதல், பத்து முறை, நாளைக்கு நான்கு வேளை. முடிந்தவுடன் துண்டை எடுத்துவிட வேண்டும்.
3. குதிகால் நகர்த்தல்: படுத்தபடி குதிகாலைப் பின்னோக்கி இழுத்து, வலி பொறுக்கும் அளவுக்கு முழங்காலை மடக்குதல், பத்து முறை.
4. நேர்க்கால் தூக்குதல்: முழங்காலை நீட்டியபடி ஓரடி உயரம் தூக்கி ஐந்து நொடி நிறுத்துதல்.

பயிற்சி அதிகமா குறைவா என்பதை மறுநாள் காலை முழங்கால் சொல்லும். வீக்கம் கூடியிருந்தால் அளவைப் பாதியாக்குங்கள்; கூடவில்லையெனில் தொடருங்கள். ஓய்வில் இருக்கும் நாள்களில் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சுத்திணறல் ஏற்பட்டாலோ உடனே வர வேண்டும். அது ரத்தக் கட்டியின் அறிகுறியாகலாம்.

மீண்டும் மிதிவண்டியில்

வெறும் அதிர்ச்சி வீக்கமெனில் ஓரிரு வாரங்களில் வடியும். லேசான தசைநார்ப் பிசகு மூன்று வாரங்களில், நடுத்தரமானது ஆறு வாரங்களில் தேறும். முறிவுகளுக்கும் முழுக் கிழிவுகளுக்கும் கணக்கு மாதங்களில்.

மிதிவண்டி ஓட்டுதல் முழங்காலுக்கு எதிரியன்று. உடல் எடையை இருக்கை தாங்குவதால், தேறிவரும் மூட்டுக்கு அது நல்ல பயிற்சியும்கூட. ஐந்து நிபந்தனைகள் நிறைவேறினால் தொடங்கலாம்: முழங்காலில் வீக்கம் இல்லை, முழுமையாக நீள்கிறது, பெடலைச் சுற்றும் அளவுக்கு, அதாவது 110 டிகிரி வரை மடங்குகிறது, அடிபட்ட காலில் மட்டும் பத்து நொடி தடுமாறாமல் நிற்க முடிகிறது, படியில் இறங்கும்போது கால் நழுவுவதில்லை. முதலில் நிலையான உடற்பயிற்சி மிதிவண்டியில் அல்லது போக்குவரத்து இல்லாத சமதளத்தில் பத்து நிமிடம். இருக்கையின் உயரத்தையும் பாருங்கள்: பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும். தாழ்ந்த இருக்கை சில்லின் மீது அழுத்தத்தைக் கூட்டும். அண்ணனின் மிதிவண்டியைத் தம்பி ஓட்டும் வீடுகளில் இது கவனிக்கத்தக்கது.

தினக்கூலிக்கும் பொருள் கொண்டுசேர்க்கும் வேலைக்கும் செல்வோருக்கு ஓய்வு என்பது வருமான இழப்பு என்பதை நாங்கள் அறிவோம். முதல் மூன்று நாள் ஓய்வையும் பத்தாம் நாள் வருகையையும் மட்டுமேனும் விட்டுவிடாதீர்கள். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு முன்னதாகவே திரும்பலாமா என்பதை எங்களிடம் கேளுங்கள். பள்ளிக்கும் பணியிடத்துக்கும் தேவையான சான்றிதழைத் தருவோம்.

உடன் இருப்போருக்கு

மருத்துவமனைக்குப் புறப்படுமுன் ஒரு தாளில் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: விழுந்த நேரம், வீக்கம் முதலில் தெரிந்த நேரம், விழுந்தவுடன் எழுந்து நடந்தாரா, உட்கொள்ளும் மருந்துகள், கடைசி டி.டி. ஊசி, மருந்து ஒவ்வாமை ஏதேனும் உண்டா. வீங்கிய நிலையில் இரு முழங்கால்களையும் சேர்த்துக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வதும் உதவும். மருத்துவரைக் காணும் நேரத்தில் வீக்கம் மாறியிருக்கலாம். அவசரப் பிரிவில் இந்த ஒரு தாளை நீட்டினால், நாங்கள் கேட்கவிருக்கும் கேள்விகளில் பாதிக்கு விடை அதிலேயே இருக்கும்.